கருத்துக் கணிப்பும் மாறாத வாக்காளரும்

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நெருங்கிவிட்டால், பத்திரிகைகளுக்கு நாள்தோறும் ஒரு கணிப்பு வேண்டும். இன்ன அபேட்சகர் இவ்வாரம் 2 புள்ளி ஏறினார், எதிரி 3 புள்ளி இறங்கினார் என்று செய்தி வரும். மறுநாளே அதற்குக் காரணம் கற்பிக்கும் தலையங்கமும் வந்துவிடும். ஏறியது எது, இறங்கியது எது என்று முதலில் விசாரிப்போர் மிகச் சிலரே.

2012-ஆம் ஆண்டு நடந்ததைப் பார்ப்போம். செப்டம்பரில் பியூ ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணிப்பில், வாக்களிக்கக் கூடியவர்கள் என்று கருதப்பட்டோரில் நூற்றுக்கு 51 பேர் ஒபாமாவையும் 43 பேர் ராம்னியையும் ஆதரித்தனர். அக்டோபர் 3-ஆம் தேதி இருவரும் முதன்முறையாக மேடையில் விவாதித்தனர். ஒபாமா சோபிக்கவில்லை. சில நாட்களில் அதே நிலையம் எடுத்த கணிப்பில் ராம்னிக்கு 49, ஒபாமாவுக்கு 45. ஆக, 12 புள்ளிகள் புரண்டுவிட்டன! நாடே மனம் மாறிவிட்டது என்று எழுதியவர்கள் பலர். நவம்பரில் ஒபாமாவே ஏறக்குறைய 4 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

இந்தப் புரட்சியை ஆண்ட்ரூ கெல்மன், ஷரத் கோயல், டக்ளஸ் ரிவர்ஸ், டேவிட் ராத்ஸ்சைல்ட் ஆகிய நால்வர் 2016-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் பயன்படுத்திய ஆதாரம் விசித்திரமானது. எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவி வைத்திருப்போரிடம் 45 நாட்கள் தொடர்ந்து கேட்ட கேள்விகள் அவை. விடையளித்தோரில் நூற்றுக்கு 93 பேர் ஆண்கள், பெரும்பாலோர் இளைஞர். இத்தகைய கூட்டத்தை வைத்து நாட்டின் மனத்தை அறிவதா என்று நகைக்கத் தோன்றும். ஆனால், விடையளித்தவர் எந்தக் கட்சியினர், 2008-இல் யாருக்கு வாக்களித்தவர் என்று பார்த்து, ஒவ்வொரு பிரிவையும் நாட்டில் அதற்குள்ள அளவுக்குச் சரிசெய்தபோது, அந்தப் பெரிய புரட்டின் பெரும்பகுதி கரைந்து போயிற்று. தம் அபேட்சகர் தடுமாறக் கண்டு சோர்ந்தவன், தேர்தலைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கமாட்டான். எதிர்க்கட்சிக்காரனோ பூரிப்போடு வலியவந்து பேசுவான். மாறியது பெரும்பாலும் பதில் சொல்ல முன்வந்தவர் கூட்டமே.

இது புதிய நோயன்று. 1936-இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. சுமார் 23 இலட்சம் திரும்பின. லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். டெலிபோனும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியலிலிருந்து பெயர் எடுத்ததே தவறு என்று பாடப் புத்தகங்கள் கூறிவந்தன. அது பாதி உண்மையே. சீட்டுப் பெற்ற அனைவரும் பதில் அனுப்பியிருந்தால் ரூஸ்வெல்ட்டே முந்தியிருப்பார் என்று பெவரில் ஸ்கொயர் என்பவர் 1988-இல் எடுத்துக்காட்டினார்.

கணிப்பின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகும் பிழை வரம்பையும் சற்று நோக்க வேண்டும். ஆயிரம் பேரைக் கேட்டால் 3 புள்ளி முன்பின் என்பார்கள். குலுக்கலால் நேரும் பிழை மட்டுமே அதில் அடங்கும். பேச மறுத்தவர் அதில் இல்லை. 1998 முதல் 2014 வரை நடந்த 608 தேர்தல்களுக்கான 4,221 கணிப்புகளை முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று, உண்மைப் பிழை அச்சிட்ட வரம்பு காட்டுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. அப்படியிருக்க, 2 புள்ளி அசைவுக்கு நாலு பத்தியில் வியாக்கியானம் எழுதுவது என்ன நியாயம்? அதை நம்பி நன்கொடையாளர் கைவிடுகின்றனர். தொண்டர் ஊக்கம் இழக்கின்றனர். நிலையாய் நின்ற வாக்காளனுக்கோ சபலபுத்திக்காரன் என்ற பட்டம்!

நால்வரின் மருந்தும் பூரண குணம் தருவதன்று. 2020-இல் கடைசி இரு வாரக் கணிப்புகள், நாடளாவிய வாக்கில் பைடனின் முன்னிலையைச் சராசரி 3.9 புள்ளி மிகைப்படுத்தின. நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு பெரிய தவறு நேர்ந்ததில்லை. கட்சிவாரியாகச் சரிசெய்தாலும், ஒரே கட்சியில் பேசுகிறவனும் பேசாதவனும் ஒரே மனத்தினராய் இருக்க வேண்டுமே! அதற்கு உத்தரவாதம் எங்கே? கட்டுரையாளர்கள் இதைப் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இங்கே தேர்தல் ஆணை பிறந்ததிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை கருத்துக் கணிப்பை வெளியிடச் சட்டம் இடந்தருவதில்லை. வாக்களிப்பு முடிந்தபின் மாதிரி வாக்கு எண்ணிக்கை ஒன்று வெளிவருகிறது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 சீட்டுகளை எடுத்து எண்ணுகின்றனர். 2023 ஜனாதிபதி தேர்தலில் அது தர்மன் சண்முகரத்தினத்துக்கு நூற்றுக்கு 70 என்றது, முடிவு 70.4. பெட்டியில் விழுந்த சீட்டு பதில் சொல்ல மறுப்பதில்லை. ஆனால் பிரசார நாட்களில் எவர் மனம் எப்போது மாறிற்று என்பதை அச்சீட்டிடம் கேட்கவும் இயலாது.