ஊத்தா போடும் கோடை

கோடையில் உடம்பு வளைய ஜிம்முக்குப் போகத் தேவையில்லை, பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பக்கத்து கண்மாய்க்குப் போனால் போதும். அறுவடை முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும்.

விடியும் முன்பே கரை நிறைந்துவிடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச வேண்டியதுதான், ஊரே தண்ணீருக்குள் பாயும்.

வலை, கச்சா, வேட்டி என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே இறங்கினாலும், அழகு ஊத்தாவுக்குத்தான். மூங்கில் சிம்புகளைக் கட்டிச் செய்த கூடை அது. அடி அகலம், மேல்வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. இரண்டடி நடந்து ஒரு குத்து, மறுபடி நடந்து ஒரு குத்து. உள்ளே மீன் சிக்கினால் சிம்பில் முட்டும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே ஊத்தாவைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் வழுக்கும். கெளுத்தி என்றால் துடுப்பு முள் குத்தும், கடுக்கும்.

சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பதும் குனிந்து நிமிர்வதும் லேசான வேலையா என்ன! இப்போது இரும்புக் கம்பியில் நைலான் வலை கட்டிய ஊத்தாக்களும் வந்துவிட்டன. உழைக்கும்தான், ஆனால் மூங்கிலின் லட்சணம் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை. வீட்டுக் குழம்புக்கும் உறவுக்காரர்களுக்கும்தான்.