இலையுதிர்காலக் கவுன்களும் கையடக்க ஸ்டீமரும்

கையடக்க ஸ்டீமர் என்பது சிறு தண்ணீர்த் தொட்டியும் அதைக் கொதிக்கவைக்கும் சூடேற்றியும் ஆவியை வெளித்தள்ளும் முகப்பும் ஒரே கைப்பிடியில் அடங்கிய கருவி. இஸ்திரிப் பெட்டி துணியை மேசைமேல் கிடத்தி அழுத்தித் தேய்க்கிறது. ஸ்டீமரோ ஹேங்கரில் தொங்கும் துணிக்குள் ஆவியை ஏற்றுகிறது. இளகிய இழைகளைத் துணியின் எடையே கீழே இழுத்து நேராக்கிவிடுகிறது. மொடமொடப்பாக நிற்க வேண்டிய பருத்திச் சட்டைக்கு இந்த முறை போதாது. பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெண்கள் உடுத்தும் கம்பளி, வெல்வெட், கார்டுராய்க் கவுன்களுக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டுக் கருவி வேறில்லை.

இலையுதிர்காலக் கவுன் கசங்குவதற்குக் காரணமே வேறு. வெயில்காலத்து உடை துவைத்துக் காயும்போது கசங்குகிறது. இலையுதிர்காலத்து உடை உடுத்தியிருக்கும்போதே கசங்குகிறது. மேலே ட்ரெஞ்ச் கோட், இடுப்பில் பெல்ட், அதற்குள் கவுன் என்று அடுக்கிக்கொண்டு ரயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், பின்புறமும் முழங்கை மடிப்பும் இடுப்புக் கோடும் பதிந்துபோகும். இத்தகைய கவுன்கள் ஒவ்வொரு முறையும் துவைக்கப்படுவதும் இல்லை. இரண்டு துவைப்புக்கு இடையே பலமுறை உடுத்தும் துணியைச் சீராக்கவே ஸ்டீமர் பயன்படுகிறது.

கருவியின் திறனைப் பெட்டியில் அச்சிட்ட விளம்பரத்தைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட இயற்பியலே போதும். 20 டிகிரி வெப்பத்திலுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,600 ஜூல் ஆற்றல் தேவை. ஆகவே 1,500 வாட் கருவி, ஒரு துளி வெப்பமும் வீணாகாத நிலையில்கூட, நிமிடத்துக்குச் சுமார் 35 கிராம் ஆவியைத்தான் தொடர்ந்து தர முடியும். நடைமுறையில் 20 முதல் 30 கிராம் வந்தாலே நல்ல கருவி. இதைவிட மிகுதியாகச் சொல்லப்படும் எண், ஒரு நொடி பீய்ச்சலைக் குறிக்கலாம். தொடர் ஓட்டத்தைக் குறிக்க வழியில்லை. 100 மில்லிலிட்டர் தொட்டி நான்கைந்து நிமிடத்தில் காலியாகும். கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வரும் மிடி கவுன் ஒன்றை முன்னும் பின்னும் சீராக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். லைனிங் வைத்த கனத்த கம்பளிக் கவுனாக இருந்தால் நடுவில் ஒருமுறை தண்ணீர் ஊற்ற நேரிடும். தொட்டி பெரிதானால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் கை வலிக்கும். தண்ணீரோடு ஒரு கிலோவைத் தாண்டும் கருவியைத் தோளுயரத்தில் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் நகர்த்துவது எளிதன்று. இருநூறு மில்லிலிட்டர் தொட்டியைப் பெருமையாகச் சொல்லும் கருவியைவிட, நூற்றைம்பதோடு நிறுத்திக்கொண்டு எடையைக் குறைத்த கருவியே அன்றாடம் கைக்கு இதமானது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது கருவியின் சாய்வு. தண்ணீரை உள்ளே தள்ளச் சிறு பம்ப் இருக்கும் கருவிகள் மெல்லிய உறுமலோடு ஓடும்; சாய்த்துப் பிடித்தாலும் ஆவி நிற்காது. பம்ப் இல்லாதவை ஓசையின்றி இயங்கும், ஆனால் ஓரளவுக்கு மேல் சாய்த்தால் வெந்நீரைத் துளித்துளியாகத் துப்பும். கருவி சூடேறியதைக் காட்டும் விளக்கு எரிந்தவுடனே துணிமேல் வைத்துவிடாமல், முதல் சில நொடிகளின் ஆவியைக் காற்றில் விட்டுவிட்டுத் தொடங்கினால் இந்தத் துப்பல் பெரும்பாலும் அடங்கும். பட்டுக் கவுனில் விழும் ஒரு துளி வளையக் கறையாக நின்றுவிடும் என்பதால் இது சிறு குறையன்று.

ஸ்டீமரின் மதிப்பு முழுதாகத் தெரிவது கம்பளியில். கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. கசங்கிய நிலையில் இழைக்குள் உறைந்து நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆவியின் ஈரமும் வெப்பமும் அவிழ்க்கின்றன. துணி ஆறும்போது அவை புதிய நிலையில் மீண்டும் பிணைகின்றன. அதனால் ஆவி காட்டியதும் உடனே உடுத்துவது தவறு. பத்து நிமிடமாவது ஹேங்கரில் ஆறவிடாத கவுன், கோட்டுக்கு அடியில் பழைய இடத்திலேயே மீண்டும் கசங்கும். ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் 1960-களில் லண்டனில் இளம்பெண்களிடையே பரப்பிய குட்டைப் பினஃபோர் பாணிக் கவுன்கள் இன்றும் கம்பளியில் தைக்கப்படுகின்றன. பள்ளிச் சீருடையாகவே பலருக்கு அறிமுகமான பினஃபோர், மெல்லிய உயர்கழுத்துப் பனியனுக்கு மேல் போட்டால் அலுவலகத்துக்கும் பொருந்தும் உடையாகிவிடுகிறது. அதன் கீழ் விளிம்பு முழங்காலைத் தொட்டால் குட்டை பூட்ஸும், அதற்கும் கீழே இறங்கினால் கவுனுக்குள் மறையும் அளவுக்கு உயரமான பூட்ஸும் எடுப்பாக இருக்கும். நடுவே ஒரு விரல்கடை கால் தெரிவதுதான் கண்ணை உறுத்தும்.

பின்னல் கவுனில் கடையிலேயே எச்சரிக்கை தேவை. மெரினோ கம்பளியில் பின்னியதும் அக்ரிலிக் நூலில் பின்னியதும் ஹேங்கரில் தொங்கும்போது அக்காதங்கை மாதிரி இருக்கும். ஆவி பட்டால் இரண்டின் விதியும் வேறு. அக்ரிலிக் வெப்பத்தில் இளகும் செயற்கை இழை. ஸ்டீமரை நெருக்கமாகக் காட்டினால் பின்னலின் துள்ளல் போய், துணி தொய்ந்து, ஒருவித மினுமினுப்போடு நீண்டு தொங்கும். அது திரும்பவே திரும்பாது. உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரே ஒரு புள்ளி இருந்தால், சுமார் 110 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, ஆவியும் ஆபத்து என்று பொருள். இரண்டு புள்ளி சுமார் 150 டிகிரியையும், மூன்று புள்ளி சுமார் 200 டிகிரியையும் குறிக்கும். கம்பளிக்கு வழக்கமாக இரண்டு. பின்னல் கவுன் வாங்குபவர் நிறத்தைப் பார்க்கும் முன் இந்தச் சீட்டைப் பார்ப்பது நல்லது. பெல்ட் கட்டி உடுத்த எண்ணினால் அது கட்டாயமே: கம்பளியில் பெல்ட் பதித்த கோடு ஒரு நிமிட ஆவியில் மறையும், அக்ரிலிக்கில் அதை எடுக்கப் பாதுகாப்பான வழி குறைவு.

பனியன் துணியில் தைத்த, உடலைச் சுற்றிக் கட்டும் ராப் கவுனை 1974-இல் ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் நியூயார்க்கிலிருந்து உலகெங்கும் கொண்டுசேர்த்தார். இடுப்பை உடுத்துபவரே இறுக்கவும் தளர்த்தவும் முடிவதால் பலவகை உடலமைப்புக்கும் பொருந்தும் வடிவம் அது. இலையுதிர்காலத்தில் உள்ளே மெல்லிய உயர்கழுத்து மேலாடை சேர்த்தால் குளிரும் அடங்கும், கழுத்து விரிந்துபோகும் கவலையும் தீரும். பனியன் துணி ஸ்டீமருக்கு நன்றாகவே பணிகிறது. ஆனால் ஆவி பட்ட ஈரத்தில் அது எளிதில் நீளும். கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்து நேராக்கும் இஸ்திரிப் பழக்கத்தைக் கைவிடாவிட்டால், இரண்டே பருவத்தில் விளிம்பு அலையலையாகிவிடும்.

வெல்வெட்டும் கார்டுராயும் ஸ்டீமர் இருக்கும் வீட்டில்தான் நிம்மதியாக இருக்க முடியும். இவற்றின் அழகு முழுவதும் மேலெழுந்து நிற்கும் குட்டை மயிரிழைகளில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் அழுத்தம் அவற்றைப் படுக்கவைத்துப் பெட்டியின் வடிவத்தையே பளபளக்கும் தடமாகப் பதித்துவிடும். ஸ்டீமரை உள்பக்கத்திலிருந்து காட்டினால் நசுங்கிய இழைகள் தாமாகவே எழுகின்றன. பின்பு மென்மையான துணிபிரஷால் இழை சாயும் திசையில் ஒருமுறை வருடினால் போதும். மாலை விருந்துக்கான பாட்டில் பச்சை அல்லது மெரூன் வெல்வெட் கவுன் நாற்காலியில் உட்கார்ந்த தடத்தோடு வீடு திரும்பினால் அன்றிரவே ஆவி காட்டுவது நல்லது. நாளானால் தடம் பிடிவாதமாகும். கார்டுராயில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை வரிகள் என்பதுதான் தேர்வின் சூட்சுமம். எட்டு வரிக் கார்டுராய் தடித்து விறைப்பாக நிற்கும்; பினஃபோருக்கும் பாவாடைக்கும் சரி. பதினாறுக்கு மேல் போனால் துணி மென்மையாக வளைந்து விழும், சட்டைக் கவுனும் தைக்கலாம்.

பூப்போட்ட விஸ்கோஸ் மிடி கவுன் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கடைகளை நிறைக்கிறது. டைட்ஸ், பூட்ஸ், முரட்டுக் கம்பளி கார்டிகன் ஆகியவற்றோடு சேரும்போது கோடைக் கவுனே குளிர்காலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறையப் பாதி வலிமையை இழக்கும் இழை. முறுக்கேறிய நூலில் நெய்த விஸ்கோஸ் க்ரேப் ஈரம் பட்டாலே சுருங்கவும் கூடும். எனவே ஒரு கையகலத் தூரம் விட்டு, விரைவாக, தையல் மடிப்பு ஒன்றில் சோதித்த பிறகே ஆவி காட்ட வேண்டும். வெப்பமூட்டிய அறைகளின் வறண்ட காற்றில் இக்கவுன் நைலான் டைட்ஸோடு ஒட்டிக்கொள்வதும் வழக்கம். ஆவியின் ஈரம் அந்த நிலைமின்சாரத்தைச் சற்று நேரத்துக்கு அடக்கும், நாள் முழுதும் தீர்வு வேண்டுமானால் உள்பாவாடை ஒன்றே வழி.

சட்டைக் கவுனில் ஸ்டீமர் தோற்கிறது. காலர், கைப்பட்டி, பொத்தான் வரிசை ஆகிய மூன்றும் கூர்மையாக நிற்காவிட்டால் சட்டைக் கவுன் இரவுடை போலத் தோன்றும். பருத்தி இழை நேராக ஈரமும் உயர்ந்த வெப்பமும் மட்டுமல்ல, அழுத்தமும் வேண்டும். கருவியோடு வரும் தடித்த கையுறையை உள்ளே கொடுத்து எதிர்ப்பக்கம் அழுத்தினால் உடல்பகுதி தேறும், காலர் தேறாது. முகப்பில் சூடேறும் உலோகத் தகடு கொண்ட கருவிகள் இந்த இடத்தில் ஓரளவு உதவுகின்றன, என்றாலும் அவற்றை இஸ்திரிப் பெட்டிக்கு மாற்று என்பது மிகை. கம்பளிப் பாவாடையின் கத்தி மடிப்புகளும் இப்படித்தான். தொங்கவிட்டு ஆவி காட்டினால் கசங்கலோடு மடிப்பும் சேர்ந்து தளரும். பாலியஸ்டர் மடிப்புகள் ஆவியின் வெப்பத்தைவிட உயர்ந்த சூட்டில் நிலைநிறுத்தப்பட்டவை ஆதலால், இழுக்காமல் காட்டும் ஆவி அவற்றை அசைக்காது.

இரண்டு மூன்று சட்டைக் கவுன்களையே மாற்றி மாற்றி உடுத்துபவருக்கு ஸ்டீமர் வீண்செலவு. நல்ல இஸ்திரிப் பெட்டி போதும். அலமாரியில் கம்பளியும் வெல்வெட்டும் பாதிக்கு மேல் இருப்பவர் தயங்காமல் வாங்கலாம்.

பயணத்துக்கு எடுத்துச் செல்பவர் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கான கருவியை அமெரிக்காவின் 120 வோல்ட்டில் செருகினால் ஏறத்தாழக் கால்பங்குத் திறனே கிடைக்கும். ஆவி வராது, வெதுவெதுப்பான நீர் சொட்டும். அமெரிக்கக் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் அதன் ஆயுள் அங்கேயே முடியும். எங்கிருந்தாலும் உடுத்தியிருக்கும் கவுன்மேல் ஆவி காட்டக் கூடாது. தோலில் படும் ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம், கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும்.

கருவி பழுதாவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறிவரும் லண்டன் நீர் கடினமானது. லாக் கேட்ரின் ஏரியிலிருந்து வரும் கிளாஸ்கோ நீர் மென்மையானது. ஒரே கருவி லண்டனில் சீக்கிரமே வெள்ளைத் துகள்களைக் கறுப்புக் கவுன்மேல் கக்கத் தொடங்கும். கடின நீர் உள்ள ஊரில் கனிமம் நீக்கிய நீரைக் குழாய்நீரோடு கலந்து ஊற்றலாம். முழுக்க வடிநீர் ஊற்றுவதைச் சில தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை, ஆகையால் கையேட்டைப் பார்ப்பது அவசியம். வாசனைத் தைலம், துணிக் கஞ்சி எதையும் தொட்டியில் சேர்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் மிச்ச நீரைக் கொட்டி, மூடியைத் திறந்தபடி வைத்தால் தொட்டி உலர்ந்துவிடும். பருவம் முடிந்து கவுன்களைப் பெட்டியில் அடுக்கும் முன், கறை உள்ளவற்றைத் துவைத்துவிட வேண்டும். ஆவி மணத்தைக் குறைக்குமே தவிர அழுக்கை எடுக்காது, அந்துப்பூச்சியின் புழு அழுக்குப் படிந்த கம்பளியைத்தான் முதலில் தின்னும். ஆவி காட்டிய துணியை ஈரம் முழுதும் போன பிறகே மடிக்க வேண்டும். வெல்வெட்டை மட்டும் மடிக்காமல் ஹேங்கரிலேயே விட்டுவைக்கலாம்.