மதிப்பீட்டாளரின் மூன்று நிமிடம்

மேடைப்பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தால் பேச்சு வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடிக்கடி எழுந்து நின்று பேசினால் யாருக்கும் நடுக்கம் குறையத்தான் செய்யும். ஆனால் அந்த அமைப்பு பேச்சோடு தலைமைப் பண்பையும் சேர்த்தே வாக்களிக்கிறது. அந்த இரண்டாவது வாக்கு அலுவலகத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது?

1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி முதல் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பைக் கூட்டினார். இளைஞர்களை மேடையில் பேசப் பழக்குவதோடு, ஒரு கூட்டத்தை முன்னின்று நடத்தப் பழக்குவதும் அவர் நோக்கமாக இருந்தது. சேருகிற பலர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வேலைக்கு உதவுவது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

மதிப்பீட்டாளரையே எடுத்துக்கொள்வோம். ஐந்திலிருந்து ஏழு நிமிடம் ஒருவர் பேசுகிறார். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அவருக்கென்று நியமிக்கப்பட்ட ஒருவர் குறிப்பெடுத்துக் கேட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் தன் கருத்தைச் சொல்கிறார். பேசியவரை எடைபோடாமல் பேச்சை மட்டும் எடைபோட வேண்டும். அடுத்த முறை செய்யக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் சொல்ல வேண்டும். இது சின்ன விஷயமில்லை. க்ளூகர், டிநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, செய்த வேலையைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையின் தரத்தைக் குறைத்திருந்தன. கவனம் செய்த வேலையிலிருந்து விலகிச் செய்தவர்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆண்டுக்கொரு முறை அப்ரைசல் அறையில் 'உங்களுக்குப் பொறுப்பு போதவில்லை' என்பதைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவைப்படாது. 'மூன்றாம் பக்க அட்டவணை முதலில் வந்திருக்கலாம்' என்று சொல்லத் தெரிந்த மேலாளர் அபூர்வம். அந்தப் பழக்கத்தைக் கிளப் உண்மையாகவே கற்றுத் தருகிறது.

ஆனாலும் ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்கக் கூடாது. கிளப்பில் விமர்சனத்தைக் கேட்க வேண்டும் என்றே ஒருவர் வருகிறார், சந்தாவும் கட்டுகிறார். அலுவலகத்தில் கேட்பவர் அதைக் கேட்டு வரவில்லை. சொல்பவர் கையில் அவருடைய இன்கிரிமென்ட் இருக்கிறது. பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்ற வாய்ப்பாட்டை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்தால், கீழே வேலை செய்பவர் முதல் பாராட்டைக் காதில் வாங்காமல் 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்கப் பழகிவிடுவார்.

டேபிள் டாபிக்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். முதலில் கேள்வி, பிறகு ஒரு பெயர். அழைக்கப்பட்டவர் உடனே எழுந்து ஓரிரு நிமிடம் பேச வேண்டும். கிளப்பில் அது நல்ல பயிற்சி. டீம் மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் அதையே செய்தால், அவளுக்குத் தெரிந்ததும் வாயில் வராது. அங்கே கேள்வியை முந்தின நாளே அனுப்ப வேண்டும். கிளப்பில் ஒவ்வொருவர் நிமிடத்தையும் கடிகாரம் காக்கிறது. அலுவலகத்தில் நன்றாகப் பேசுகிறவரே எல்லா நிமிடத்தையும் எடுத்துக்கொள்கிறார். கிளப்பில் தேர்ந்தவர் தன்னையறியாமல் அப்படி ஆகிவிடக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை.

கிளப்பில் பொறுப்பாளர் பதவிகள் ஏழு. அவற்றில் கல்வித் துணைத்தலைவர் பதவியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒவ்வொரு சந்திப்புக்கும் பேச்சாளர், மதிப்பீட்டாளர், நேரம் பார்ப்பவர், 'வந்து', 'அதாவது' என்பவற்றை எண்ணுபவர் என்று எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது, யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு 'இன்னிக்கு வர முடியல' என்று செய்தி வரும். தனக்குக் கட்டுப்படாத வேறு துறைக்காரரிடம் வேலை வாங்க வேண்டிய எவருக்கும் இதைவிட நெருக்கமான ஒத்திகை இல்லை. அமைப்பு வைக்கும் ஆண்டுக்குப் பத்து இலக்குகள் என்ற கணக்கில் கிளப் விழுந்துவிட்டால் மட்டும் இதுவும் கெடும். இலக்கைத் துரத்தக் கற்றுக்கொள்ள அலுவலகமே போதும்.

ஆள்குறைப்புச் செய்தியை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது, தவறாகப் போன முடிவுக்குப் பொறுப்பேற்பது, மேலதிகாரியை மறுப்பது: இவை எதுவும் கிளப்பில் கிடைக்காது. அங்கே தோற்றால் யாருக்கும் வேலை போவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: தலைமை என்ற வாக்கில் பாதியை ஏற்கலாம். இன்னும் பதவி வராதவருக்கு அந்தப் பாதி பெரிய லாபம். அதிகாரத்தில் இருப்பவருக்கு, மதிப்பீட்டாளராகப் பலமுறை உட்கார்ந்தால்தான் பயன். வேலைக்கு வருகிறவர் தன் விவரக்குறிப்பில் இந்தக் கிளப்பைக் குறித்திருந்தால், நான் பேச்சுப்போட்டிக் கோப்பைகளைப் பற்றி விசாரிக்க மாட்டேன். கடைசியாக யாருடைய பேச்சை மதிப்பிட்டீர்கள், அடுத்த பேச்சில் அவர் எதை மாற்றினார் என்று கேட்பேன்.