தாழிக்கு முன்னால் ஒரு கேள்வி

"சார், இவுக என்ன ஆளுக?"

கீழடி அருங்காட்சியகத்தில் முதுமக்கள் தாழிக்கு முன்னால் நின்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டான். பள்ளிக்கூடத்து டூர். எங்க சேரிப் பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். "அப்பல்லாம் சாதியே கெடையாதுடா" என்றார் வாத்தியார். பையன் விடவில்லை. "பெறகு எப்ப சார் வந்துச்சு?" வாத்தியார் விசில் ஊதி அடுத்த கூடத்துக்கு வரிசையாகப் போகச் சொல்லிவிட்டார்.

அந்த விசிலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கீழடியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. 2015இல் தோண்டத் தொடங்கி, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் போகும் ஒரு வாழ்வை மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். பானை ஓட்டில் ஆதன் என்று பேர் கீறியிருக்கிறது. எழுத்து நமக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்துத் திண்ணையிலிருந்து விரட்டப்பட்டவரின் பேரப்பிள்ளை அந்த ஓட்டைப் பார்க்கிறபோது மனசுக்குள் ஏதோ நிமிர்கிறது. அது பெரிய விசயம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் முற்றத்துக்குள் நம்ம பாட்டன்மாரை எப்போது விட்டார்கள் என்பது வேறு கதை.

சிக்கல் எங்கே? சாமி சிலை கிடைக்கவில்லை, ஆகவே சாதி இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். வாத்தியாரும் அதைத்தான் ஒப்பித்தார். தீண்டாமை என்ன பாசிமணியா, தாயக்கட்டையா, மண்ணுக்குள் கிடப்பதற்கு? இரண்டாயிரம் வருசம் கழித்து எங்க ஊரைத் தோண்டினால் ஊருக்குள்ளும் பிளாஸ்டிக் குடம் கிடைக்கும், சேரியிலும் பிளாஸ்டிக் குடம் கிடைக்கும். சாதியே இல்லாத ஊர் என்று அன்றைக்கும் ஒருத்தர் எழுதி வைப்பார்.

சாதியற்ற பழமை என்பது புதுசாய்க் கண்டுபிடித்த பேச்சுமல்ல. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இதைத்தான் வாரா வாரம் எழுதினார். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. இருந்ததை யார் கெடுத்தார்கள், எப்படிக் கெடுத்தார்கள், பூர்வ பௌத்தர்கள் எப்படித் தாழ்த்தப்பட்டார்கள் என்று கேட்டார். பையன் கேட்டதும் அதே கேள்வி. பண்டிதரின் பாதியை எடுத்துக்கொண்டு மீதிப் பாதிக்கு விசில் ஊதுகிறார்கள். பழம்பெருமை தமிழனுக்கு, இடையில் நடந்தது யாருக்கும் இல்லை!

பிள்ளைகளின் கைகளைப் பார்த்தேன். சிலர் மணிக்கட்டில் கலர் கலராய்க் கயிறு. 2023 நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டிய கைதான் கண்ணாடிப் பெட்டியைத் தடவிக்கொண்டு போகிறது.

மதுரையிலிருந்து தெற்கே கீழடிக்குப் பள்ளி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. வடக்கே மேலூர்ப் பக்கம் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராக ஜெயித்த குத்தத்துக்காக 1997 ஜூன் 30இல் முருகேசனையும் கூட வந்த நம் தோழர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். விடுதலைக் களம் என்று அங்கே நினைவிடம் இருக்கிறது. அதுவும் உள்ளூர் வரலாறுதானே? எந்தப் பள்ளிக்கூடம் எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போகிறது? பையனின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது.

மறுநாள் 'நான் கண்ட கீழடி' என்று கட்டுரை எழுதச் சொன்னாராம் வாத்தியார். பையன் நோட்டைக் காட்டினான். பானை, உறைகிணறு, தாயக்கட்டை எல்லாம் வரிசையாக இருந்தது. கேட்ட கேள்வியைக் காணோம்.

"ஏண்டா எழுதல?"

"மார்க்கக் கொறச்சிருவாரு சார்."