அடையாறு தேடிய அவதாரம்

கம்பத்து நண்பரொருவர், “ஞானம் இதிலே இருக்கிறது, படியுங்கள்” என்று சிறு நூலொன்றை நம்மிடம் தந்தார். ‘குருவின் திருவடியில்’ எனப் பொருள்படும் ஆங்கில நூல். 1910-இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. ஆசிரியர் பெயர் அல்சியோன். அந்தப் புனைபெயருக்குரியவர் கிருஷ்ணமூர்த்தி என்னும் பதினைந்து வயதுச் சிறுவன்.

படித்தோம். நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்குவானேன்? வம்பு பேசாதே, கொடுமை செய்யாதே, மூடநம்பிக்கையை விடு என்கிறது நூல். உயிர்ப்பலியைக் கண்டிக்கிறது; ஒடுக்கப்பட்டோருக்கு மூடநம்பிக்கை இழைத்த தீங்கையும் சுட்டுகிறது. மகிழ்ந்தோம். ஆனால் முன்னுரை என்ன கூறுகிறது? இவை சிறுவனின் சொற்கள் அல்லவாம், குருநாதரின் சொற்களாம்! அந்தக் குருவோ ஊரார் கண்ணுக்குப் புலப்படாதவர். மூடநம்பிக்கையைச் சாடும் நூல், மூடநம்பிக்கையின் தோளேறியே வருகிறது! நூலின் குறை இது. நூலை ஈன்ற இயக்கத்தின் நோயும் இதுவே.

1875-இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையார், ஆல்காட், ஜட்ஜ் முதலியோர் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882-இல் அடையாற்றில் குடியேறியது. மறைந்துறையும் மகாத்மாக்கள் கடிதம் எழுதுகின்றனர் என்றனர். 1885-இல் ஹாட்ஜ்சன் அறிக்கை, மோசடி என்றது. பின்னர், மகாத்மாவின் பெயரால் தாமே கடிதம் புனைந்தார் என்று ஜட்ஜ் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. 1895-இல் அமெரிக்கக் கிளை பிரிந்தது. 1909-இல் லெட்பீட்டர் அடையாற்றுக் கடற்கரையில் சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைக் ‘கண்டெடுத்தார்’. அன்னி பெசன்ட் அம்மையார் உலக குருவை வரவேற்க 1911-இல் ‘கிழக்கின் விண்மீன் சங்கம்’ அமைத்தார். ஸ்டைனர் ஏற்க மறுத்தார். 1913-க்குள் ஜெர்மன் கிளையின் பெரும்பகுதி அவருடன் வெளியேறியது.

ஏன் இத்தனை பிளவு? காணாதவரின் சொல்லே ஆதாரம் என்றால், யார் கேட்டது மெய், யார் கேட்டது பொய் என்று தீர்க்க அளவுகோல் ஏது?

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், கிருஷ்ணமூர்த்தியே சங்கத்தைக் கலைத்தார். எந்த அமைப்பும் மனிதனை உண்மைக்கு இட்டுச் செல்லாது என்றார். அரியணையை உதறிய அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். உதறுவார் இல்லாத இடத்தில் என்ன நேரும்? சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்களின் வாரிசென்று சொல்லிக்கொண்ட ‘சூரியக் கோயில் சங்கம்’ 1994 அக்டோபரில் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் 53 உயிர்களைக் காவு கொண்டது!

அமெரிக்கக் கிளை பிரிந்த அதே 1895-இல்தான் பெரியாற்று அணை முடிந்தது. மகாத்மா கடிதம் எழுதவில்லை; கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும், பென்னிகுயிக்கின் கணக்கும், பெயரறியாத் தொழிலாளரின் உயிரும் கட்டிய அணை! வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். கணக்குப் பிழைத்தால் தண்ணீரே சொல்லிவிடும்; அங்கே அளவுகோல் உண்டு.

அந்தப் பென்னிகுயிக்குக்கே இன்று நம் பள்ளத்தாக்கில் பொங்கலிட்டுப் படையல் வைக்கிறோம். நன்றி வேண்டும், தோழர்களே. நன்றி வழிபாடாகிவிடக் கூடாது. அவதாரம் தேடும் ஆசை அடையாற்றுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுத் திண்ணையிலும் அது காத்திருக்கிறது.

நூலை நண்பரிடம் திருப்பித் தந்தோம். “கருத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருவடியை விட்டுவிடுங்கள்” என்றோம்.