ஆறில் ஒருவர்

விண்வெளிக் கதை என்றதும், நினைத்த மாத்திரத்தில் விண்மீன் விட்டு விண்மீன் பாயும் கப்பல்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. எரிபொருள் தீர்ந்ததென்று அங்கே எந்த நாயகனும் கலங்குவதில்லை. அந்த எண்ணத்தோடுதான், விடுமுறைக்கு முதுகுளத்தூர் வந்திருந்த பங்கு இளைஞர் சிலரோடு ஒரு மாலை நானும் மேசையைச் சுற்றி அமர்ந்தேன். அவர்கள் கொண்டுவந்தது ‘டிராவலர்’. அமெரிக்கரான மார்க் மில்லர் வடிவமைக்க, 1977-இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுகின்றனர். ஐயம் எழும்போது விதியும் பகடையும் தீர்ப்புச் சொல்கின்றன.

இதன் சிறப்பு கண்டிப்பில் இருக்கிறது. வேகமெடுத்த கப்பல் தானாக நிற்பதில்லை. நிறுத்த அதே அளவு எதிர்விசை வேண்டும். ஒரு பார்செக் தொலைவு தாவக் கப்பலின் டன் கணக்கில் பத்தில் ஒரு பங்கு எரிபொருளும், ஏறத்தாழ ஒரு வாரமும் செலவாகும். கப்பலை முந்திச் செய்தியும் போகாது. கடனில் வாங்கிய கப்பலுக்கு 480 மாதத் தவணை! தாவல் எந்திரம் கற்பனையே. ஆனால் அதற்கு விதித்த விலையை நூல் பிறகு தள்ளுபடி செய்வதில்லை. கண்மாய்த் தண்ணீரை அளந்து பாய்ச்சும் நம் விவசாயிக்கு இந்த நேர்மை விளங்கும்.

எனினும், அன்றிரவு என் உறக்கத்தைக் கெடுத்தது வேறொரு விதி. உயர்வகுப்புப் பயணத்திற்கு 10,000 நாணயம், ஏழைக்கு 1,000. ஏழையை உறைநிலையில் உறங்கவைத்து, சரக்கைப்போல ஏற்றிச் செல்கிறார்கள். இறங்குமிடத்தில் இரு பகடைகளை உருட்ட, கூட்டுத்தொகை ஐந்துக்குக் குறைந்தால் அவர் எழுவதில்லை. கணக்கிட்டால், ஆறில் ஒருவர். எத்தனை பேர் பிழைப்பர் என்று பயணிகளிடையே பந்தயமும் உண்டு. வென்றவர் இறந்திருந்தால் பணம் கப்பல் தலைவனுக்கு.

எங்கள் கப்பலில் ஒருவர் எழவில்லை. இளைஞர்கள் அடுத்த துறைமுகத்துச் சரக்கு விலையைப் பேசத் தொடங்கினார்கள். “அவர் பெயர் என்ன?” என்று கேட்டேன். எவரும் பெயரிட்டிருக்கவில்லை. கடன்பட்டுப் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிய வீடுகள் நிறைந்த ஊர் இது. மேசையில் சற்று நேரம் பேச்சில்லை.

விதி கொடியது என்றே முதலில் எண்ணினேன். மறுநாள் நூலை வாங்கிப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. தேர்ந்த மருத்துவர் உடனிருந்தால் பகடையோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அந்த ஒன்றினால் சாவு பன்னிரண்டில் ஒன்றாகக் குறைகிறது. அத்தகைய மருத்துவரை அமர்த்துமாறு தலைவனை எந்த விதியும் வற்புறுத்தவில்லை. ஊதியம் மட்டும் அவன் கையிருப்பிலிருந்து போகும்.

விளையாட்டின் குறையும் நிறையும் இங்கேதான் இருக்கின்றன. இறந்தவரின் பெயரை அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஆடுபவர்கள். ஆயினும் எரிபொருளும் பணமும் வற்றாத கப்பலில் இரக்கத்திற்கு என்ன விலை? ஒவ்வொரு காசையும் எண்ணும் கப்பலில்தான் இரக்கம் உண்மையான ஈகையாகிறது. கண்டிப்பான கணக்கு மனச்சான்றுக்குப் பகையன்று என்பதை அந்த ஒற்றை வரி எனக்கு உணர்த்தியது.

மறுநாள் மாலை, உறங்கும் பயணியர் அனைவருக்கும் பெயரிட்டு, ஒரு மருத்துவரையும் அமர்த்தினார்கள். அம்மாதத் தவணை தவறியது.