இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருப்போர்

ஒரு சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். பாமர மக்களின் பொழுதுபோக்கு ஆராய்ச்சிக்குரியதன்று என்னும் இந்த எண்ணம் பண்டித மரபு நமக்கு விட்டுச் சென்ற பழைய நோய்களுள் ஒன்று. இலட்சக்கணக்கான மக்கள் 28 ஆண்டுகள் ஒரு கதையின் தொடர்ச்சிக்காகக் காத்திருந்தார்களாயின், அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும். வந்த படம் நன்றா தீதா என்பது அதன் பின்னர் எழ வேண்டிய கேள்வி.

ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' 1996 மே மாதத்தில் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 2024 ஜூலை 12ஆம் நாள் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து விட்டது. என் வகுப்பில் உயர்தரம் பயிலும் மாணவர் எவரும் முதற்படம் வந்தபோது பிறந்திருக்கவில்லை. எனினும் சேனாபதியை அவர்கள் நன்கறிவர். தந்தையர் சொல்லக் கேட்டும் தொலைக்காட்சியில் பலமுறை கண்டும் அக்கிழவரின் மடிந்த விரல்களின் வர்மப் பிடியை இடைவேளையில் ஒருவர்மீதொருவர் பிரயோகித்துப் பார்ப்பர். முதுசொமாக வந்த நம்பிக்கை அது. வத்தேகமவிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறிச்செல்லும் பஸ்களில் அந்த ஜூலை மாதத்துக்கு முன்னர் நான் கேட்ட பேச்சில் பாதி இதைப் பற்றியதாகவே இருந்தது.

ரசிகனை மந்தையென்று இகழ்வோர் அப்பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு நுட்பமான ஐயங்கள்! முதற்படத்துக்கு உரையாடல் எழுதிய சுஜாதா 2008இல் மறைந்து விட்டார். அந்தக் கூர்மை இனி யாரிடமிருந்து வரும்? ஏ. ஆர். ரகுமான் இசையமைக்கவில்லை, அநிருத்தின் இசை அந்த உணர்ச்சியைத் தாங்குமா? நேதாஜியின் படையிலே போரிட்டவர் 2024இல் நூறு வயதைக் கடந்தவராகத்தானே இருக்க வேண்டும். அவர் பத்துப் பேரைத் தூக்கியெறிவதை எவன் நம்புவான்? 2019இல் தொடங்கிய படப்பிடிப்பு இடையிலே நின்று, தயாரிப்பாளரும் இயக்குநரும் நீதிமன்றம் ஏறி, 2022இல் மீண்டும் உயிர்பெற்றது. இத்தனை ஒட்டுப்போட்ட துணி கிழியாமலிருக்குமா? நடிகர் விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021இலேயே காலமாகி விட்டனர். அவர்கள் பாகம் என்னவாகும்?

இவையெல்லாம் தகுதியான ஐயங்களே. பல உண்மையுமாயின. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 2020 பெப்ரவரி 19ஆம் நாள் சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் இதே படத்துக்காக நிறுத்தப்பட்ட பாரந்தூக்கி சரிந்து மூன்று தொழிலாளர் நசுங்கி மாண்டனர். ரசிகர்களின் கவலைப் பட்டியலிலே இந்த மரணம் 'படம் தாமதமானதற்கான காரணங்களுள் ஒன்று' என்ற அளவிலேயே இடம்பெற்றது. குற்றம் ரசிகர்களுடையது மட்டுமன்று. திரைக்கு முன்னால் ஒளிவீசும் ஒருவரையன்றித் திரைக்குப் பின்னால் பளு சுமக்கும் நூற்றுவரைக் காணாதபடி நம் கண்களைப் பழக்கியிருப்பது இந்தத் தொழிலின் இயல்பு.

இனி, 1996ஆம் ஆண்டுப் படம் மக்களை ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்று பார்ப்போம். கையூட்டு வாங்குவோரைக் கொல்லும் வீரன் என்பது புதிய கற்பனையன்று. தனியொருவன் கத்தியெடுத்தால் சமுதாயம் திருந்திவிடும் என்பது முதலாளித்துவ சினிமாவின் மிகப் பழைய மயக்கமருந்து. அமைப்பைத் தொடாமல் அதிகாரியைக் கொன்றால் அடுத்த நாள் அதே நாற்காலியில் வேறோர் அதிகாரி வந்தமர்வான். இவ்வளவும் அறிந்தவர்களே நாம். ஆயினும் அப்படத்திலே ஒரு முள் இருந்தது. தீக்காயத்துடன் கிடந்த மகளின் சிகிச்சைக்குக் கையூட்டுக் கொடுக்க மறுத்து அவளைப் பறிகொடுத்தவர் சேனாபதி. அதே மனிதரின் மகன் சந்துரு கையூட்டு வாங்கிக்கொண்டு பழுதான பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் மடிகின்றனர். கத்தி இப்போது சொந்த வீட்டுக்குள் வருகிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் வீழ்ந்தபோது கைதட்டிய அரங்கு, மகன் வீழ்ந்தபோது மௌனமாயிற்று. அந்த மௌனந்தான் படத்தின் சத்து. ஊழல் என்பது 'அவர்கள்' செய்வது என்று நிம்மதியாக இருந்தவன், தன் வீட்டு அலமாரியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இறுதியில் வெளிநாடொன்றிலிருந்து தொலைபேசியில் பேசி, தேவைப்பட்டால் மீண்டும் வருவேன் என்று உணர்த்துகிறார் கிழவர். இரண்டாம் பாகம் அக்கணத்திலேயே கருக்கொண்டு விட்டது. மக்கள் நினைவில் வைத்துக்கொண்டதும் தொலைபேசியைத்தான், அலமாரியை மறந்தனர்.

தொடர்ச்சி என்றால் என்ன? தமிழ் படித்தவனுக்கு இதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சி மணிமேகலை. கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்தது. இன்றைய படத்தயாரிப்பாளர் ஒருவர் அன்று இருந்திருந்தால், இரண்டாம் பாகத்தில் கண்ணகியை இறக்கி இன்னொரு நகரை எரிக்கச் செய்திருப்பார். மதுரையைவிடப் பெரிய நகராகவும் பார்த்திருப்பார். சாத்தனார் அப்படிச் செய்யவில்லை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த பெண்ணை எடுத்துக்கொண்டார். அவள் கையிலே அமுதசுரபியைக் கொடுத்தார். அநீதியைக் கண்டு எரித்த சினம், அடுத்த தலைமுறையில் பசியைக் கண்டு கலங்கும் கருணையாகின்றது. அரசனின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. பௌத்த சமயப் பிரசாரம் அந்நூலிலே உண்டு; அதற்காக அதன் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. முதற்காவியம் எழுப்பிய கேள்வியை அது வேறொரு வாழ்க்கையில் வைத்துப் பார்த்தது. பாத்திரம் திரும்பி வருவது தொடர்ச்சியாகாது. கேள்வி வளர்ந்து வருவதே தொடர்ச்சி.

இந்த அளவுகோலைக் கொண்டு 'இந்தியன் 2'ஐ அணுகுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. விதை அங்கே இருந்தது! இணையத்தில் ஊழலைச் சாடும் இளைஞர் சிலர், தம்மால் ஆவது ஏதுமில்லை என்று சோர்ந்து, சேனாபதியைத் திரும்பி வருமாறு அழைக்கின்றனர். கிழவர் வருகிறார். பெரிய திருடர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் வீட்டைத் துப்புரவாக்குங்கள் என்கிறார். அவர்களுள் ஒருவனான அரவிந்தனின் தந்தை ஊழல் தடுப்புத் துறையிலே பணிபுரிபவர். அவரே கையூட்டு வாங்குபவர் என்பது வெளிப்படுகின்றது. மகன் காட்டிக்கொடுக்கிறான். தாய் தற்கொலை செய்து கொள்கிறாள். நேற்று 'வா' என்று கூவிய அதே மக்கள் இன்று 'போ' என்று கூவுகின்றனர்.

எவ்வளவு பெரிய கதைப்பொருள்! ரசிகனின் எதிர்பார்ப்பையும் ஏமாற்றத்தையும் கதைக்குள்ளேயே கொண்டு வந்து விட்டது படம். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 'டான் குவிக்சோட்' நாவலின் இரண்டாம் பாகத்தை 1615இல் வெளியிட்டபோது இதையே செய்தார். முதற்பாகத்தைப் படித்து ரசித்தவர்களையே அதிலே மாந்தராக்கினார். தாம் படித்த வீரனை நேரில் கண்டதும் அந்தப் பிரபு குலத்து ரசிகர்கள் அவனை வைத்து வேடிக்கை பார்க்கும் கொடுமையைக் காட்டினார். ரசிப்பு என்பதன் உள்ளே ஒளிந்திருக்கும் குரூரம் அங்கே வெளிச்சமாகின்றது.

நம் படமோ விதையைக் கையிலே வைத்துக்கொண்டு, மண்ணைத் தேடாமல் வாணவேடிக்கை தேடிப் போயிற்று. தாயின் மரணத்துக்குப் பின் அந்த மகன் என்ன நினைக்கிறான், ஒரு குமாஸ்தா எந்தச் சூழ்நிலையில் முதல் நூறு ரூபாவுக்குக் கை நீட்டுகிறான், வீட்டைத் துப்புரவாக்கும் கடமையை இளைஞர் தலையிலே ஏற்றிவிட்டுச் செல்வந்தனின் கணக்கை ஒரு கிழவரின் விரலிடம் விட்டுவிடுவது என்ன நியாயம் என்பனவற்றுக்கெல்லாம் நேரமில்லை. ஒற்றைச் சக்கர வண்டியிலே நூறு வயதுக் கிழவர் நகரத் தெருக்களில் விரைவதற்கு நேரம் இருந்தது. மூன்று மணி நேரம் ஓடிய படத்தை வெளியான சில நாள்களிலேயே 12 நிமிடம் வெட்டிக் குறைத்தனர். எதை வெட்டினாலும், எழுதப்படாத காட்சிகளின் குறை அப்படியே இருந்தது. உரையாடலை எழுதியோருள் ஜெயமோகன் போன்ற பேர்பெற்ற நாவலாசிரியரும் இருந்தார் என்பதை நினைக்கையில் ஆயாசமே மிஞ்சுகின்றது.

தமிழ்நாட்டு விமர்சகர்கள் இவற்றில் பலவற்றைச் சொல்லி விட்டனர். அவர்கள் சொல்ல இயலாத ஒன்று மலையகத்திலிருந்து எழுதுவோர்க்கு உண்டு. அது படத்தின் தலைப்பைப் பற்றியது.

'இந்தியன்' என்ற சொல் எங்கள் மலைகளிலே வீரப்பட்டமாக வழங்கியதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது அதற்குச் சொல்லப்பட்ட காரணம் அந்த ஒரு சொல். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கடல் கடக்க விதித்தபோதும் அதே சொல். குடிசன மதிப்பீட்டுப் பத்திரங்கள் 'இந்தியத் தமிழர்' என்று எங்களைப் பதிந்து வந்தன. 'மலையகத் தமிழர்' என்று அழைக்குமாறு கேட்ட போராட்டம் நீண்டது. அத்தகைய லயன்களிலிருந்து வந்த இளைஞர், நெஞ்சிலே 'இந்தியன்' என்று அச்சிட்ட சட்டையுடன் கண்டி நகரத்துத் திரையரங்க வாசலில் வரிசையாக நின்றதைக் கண்டேன். அந்தச் சொல்லின் வடுவை அவர்கள் அறியார் என்று நான் சொல்லமாட்டேன். வடு நிறைந்த சொல்லையும் வெற்றிச் சொல்லாக மாற்றிவிடும் வித்தையைச் சினிமா எங்கிருந்து கற்றது என்பதே வியப்பு.

காத்திருப்பும் எங்களுக்குப் பழக்கமானதே. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர்., 1973 மே மாதத்தில் 'உலகம் சுற்றும் வாலிப'னை வெளியிட்டார். படத்தின் முடிவிலே அடுத்த படம் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்ற அறிவிப்பு இருந்தது. ராஜு புறப்படவே இல்லை. அதற்கு முந்திய ஆண்டே தனிக்கட்சி கண்டிருந்த நடிகர், 1977இல் முதலமைச்சரானார். இரண்டாம் பாகம் திரையிலே வராமல் கோட்டையிலே வந்தது என்று கூறலாம். 2018இல் அந்தத் தலைப்பைக் கணினிச் சித்திரமாக்கும் முயற்சியைச் சென்னையிலே தொடங்கி வைத்தனர். ஒருவன் இறந்து முப்பதாண்டு கழிந்தும் அவன் வாக்குறுதி விலைபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இங்கே மலைநாட்டு ரசிகர்கள் ராஜுவை எதிர்பார்த்திருந்த அதே ஆண்டுகளில்தான், ஒப்பந்தப்படி பெயர் வந்த குடும்பங்கள் தகரப் பெட்டிகளுடன் தலைமன்னாருக்கு ரயிலேறின. தாம் ஒரு நாளும் காணாத, திரையிலே மட்டும் கண்டிருந்த நாட்டுக்கு.

'இந்தியன் 2' வந்த 2024ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே தினத்தில் கொட்டகலையிலே அன்றைய ஜனாதிபதி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலை முதல் வாரத்தில் உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த வாரம் சேனாபதி திரைக்கு வந்தார். செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிந்தது. கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாயின் மகன், அந்த வாரத்தில் யாருடைய வருகைக்காகக் கைதட்டினான் என்பதை நாம் பரிகசித்துப் பயனில்லை. கூட்டாகப் போராடி வென்ற அனுபவம் குறையக் குறையத் தனியொருவர் வந்து தீர்ப்பார் என்ற ஆசை கூடுவது இயற்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேனாபதி இந்திய தேசிய இராணுவத்து வீரர். 1943இல் சுபாஸ் சந்திரபோஸ் தலைமையேற்றபின் அப்படையிலே திரண்ட குடிமக்களுள் பெரும் பகுதியினர் மலாயாவின் றப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர். ஜான்சி ராணிப் படைப்பிரிவின் பெண்களுட் பெரும்பாலோர் பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள். கண்டிச் சீமைக்குக் கோப்பி நடவும் தேயிலை பறிக்கவும் எங்கள் முன்னோரைக் கொண்டு வந்த அதே கங்காணி முறைதான் அவர்களையும் அங்கே கொண்டு சென்றது. ஆகவே சேனாபதியின் தோழர்கள் எங்கள் உறவினர். முதற்படம் அவரை நிலமும் கௌரவமும் உடைய கிராமத்துப் பெரியவராகக் காட்டி நிறுத்திக்கொண்டது. இரண்டாம் படம் அந்தப் பழங்கதைப் பக்கமே திரும்பவில்லை. அவருடன் அணிவகுத்த றப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகள் யாவர், போருக்குப் பின் அவர்கள் எந்த லயனுக்குத் திரும்பினர் என்பது எந்த ரசிகனின் எதிர்பார்ப்பிலும் இல்லை. எந்த எழுத்தாளரின் குறிப்பேட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் படம் முடிந்து விளக்கு எரியுமுன்னே மூன்றாம் பாகத்தின் காட்சிகள் சிலவற்றைக் காட்டினர். வெள்ளையர் காலம், குதிரைகள், சேனாபதியின் தந்தை. ஏமாற்றத்தோடு எழுந்த என் மாணவரின் முகங்கள் மறுபடியும் மலர்ந்தன. பஸ்ஸில் ஏறுமுன்னரே புதிய ஐயங்களும் தொடங்கி விட்டன: இசை எப்படி இருக்கும், குதிரைச் சண்டை மெய்யாக இருக்குமா. நான் அவர்களிடம் றப்பர்த் தோட்டத்துப் படைவீரர்களைப் பற்றிச் சொன்னேன். வத்தேகம வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டு வந்தனர். இறங்கும்போது ஒருவன், தன் பாட்டனாரின் தமையன் ஒருவர் மலாயாவுக்குப் போய்த் திரும்பவேயில்லை என்று வீட்டிலே பேசிக்கொள்வதுண்டு, விசாரித்து வருகிறேன் ஐயா என்றான்.